முன், பின், நடுவில்

ஃபேஸ்லிஃப்ட் விளம்பரம் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் ஒரு முகம், வலப்பக்கம் அதே முகம். இடப்பக்கத்தில் தாடையோரம் சதை தொங்குகிறது, கழுத்தில் மடிப்பு, வெளிச்சமும் கொஞ்சம் மங்கல். வலப்பக்கத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, ஆள் சிரிக்கவும் செய்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்குள் பல மாதங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

இன்ஸ்டாகிராம் வந்த பிறகு தொடங்கிய பழக்கம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். ஃபேஸ்லிஃப்ட்டுக்கு 120 வருட வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி ஒளித்துச் செய்த வரலாறு. நோயாளி ஒளித்தார், மருத்துவரும் ஒளித்தார்.

ஏன் ஒளிக்க வேண்டும்? 1896-ல் பெர்லினில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து பார்க்கலாம். காது பெரிதாக விடைத்திருந்த ஒரு சிறுவன், கூடப் படிப்பவர்களின் கேலி தாங்காமல் பள்ளிக்கூடம் போக மறுத்தான். யாக்கோப் யோசப் என்ற இளம் மருத்துவர் அவன் காதுகளை அறுவை செய்து சிறிதாக்கினார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் அவருடைய வேலை போயிற்று. நோயே இல்லாத உடம்பில், வெறும் தோற்றத்துக்காகக் கத்தி வைப்பதா என்பது மேலதிகாரியின் கோபம். கேலியும் ஒரு வலிதானே என்பது யோசப்பின் பதில். பிற்காலத்தில் மூக்கு அறுவையில் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கினார் அவர். இருந்தாலும் அன்றைக்கு எழுந்த கேள்வி இந்தத் துறையை விட்டு விலகவே இல்லை.

அந்தச் சூழலில்தான் முகச் சுருக்கத்துக்கான முதல் அறுவைகள் நடந்தன. 1901-ல் பெர்லினில் ஆய்கன் ஹோலண்டர் என்ற மருத்துவர், போலந்தைச் சேர்ந்த ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண்மணிக்குக் காதோரத்திலும் முடி தொடங்கும் இடத்திலும் தோலைச் சிறு துண்டுகளாக வெட்டி எடுத்து, இழுத்துத் தைத்தார். 1906-ல் எரிக் லெக்ஸர் ஒரு நடிகைக்குச் செய்தார். அந்த நடிகை அதற்கு முன்னால் ராத்திரியில் முகத்தில் பிளாஸ்திரி ஒட்டி, தலைக்கு மேலே ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டிக்கொண்டு தூங்குவாராம். இந்தத் தகவலைச் சிரிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள். மேடையில் வயசு தெரிந்தால் வாய்ப்பு போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொரு ராத்திரியும் அப்படித் தூங்கியிருக்கிறார் ஒரு பெண்.

லெக்ஸர் இதை எழுதி வெளியிட்டது 1931-ல், 25 வருடம் கழித்து. ஹோலண்டரும் 1901 என்ற ஆண்டை வெளியே சொன்னது வெகு காலம் கழித்துத்தான். இதனால் முதலில் செய்தது யார் என்ற சண்டை இன்றும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் நம்மை யோசிக்க வைக்க வேண்டிய விஷயம் வேறு. எழுதாமல் விட்டால் அடுத்த மருத்துவருக்கு முன்னவரின் தவறு தெரியாது, நோயாளிக்கோ எதுவுமே தெரியாது. அந்த இடைவெளியில் போலி வைத்தியர்கள் நன்றாகப் பிழைத்தார்கள். மூக்கின் பள்ளத்தையும் கன்னத்தின் குழியையும் நிரப்ப உருக்கிய பாரஃபின் மெழுகை ஊசியில் ஏற்றுவது அன்றைய மோகம். கொஞ்ச நாளில் மெழுகு இடம் மாறும், கட்டி கட்டியாகத் திரளும், தோல் சிவந்து புண்ணாகும். நடந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். அதனால் அடுத்தவர் போய் அதே ஊசியைப் போட்டுக்கொண்டார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் சூசான் நொயல். 1878-ல் பிரான்சில் பிறந்தவர். கல்யாணம் ஆன பிறகு மருத்துவம் படிக்கப் போனவர். 1912-ல் பிரபல நடிகை சாரா பெர்னார்ட் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது முகம் இளமையாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. முடிக்குள் தோலை வெட்டி நெற்றியைத் தூக்கியிருந்தார்கள். செய்தியைப் படித்த நொயல், தன் முகத்துத் தோலையே விரலால் கிள்ளிப் பிடித்து, எங்கே எவ்வளவு இழுத்தால் எந்த மடிப்பு போகிறது என்று பார்த்தார். அங்கிருந்து தொடங்கியது அவருடைய வேலை.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. தாடை போய், மூக்கு போய் வந்த வீரர்களைப் பிரான்சில் ‘உடைந்த முகங்கள்’ என்றே அழைத்தார்கள். பாரிஸின் வால்-து-கிராஸ் ராணுவ மருத்துவமனையில் இப்பாலித் மொரெஸ்தான் என்ற அறுவை நிபுணரிடம் நொயல் வேலை கற்றார். முகம் போனால் மனுஷனுக்கு என்னவெல்லாம் போகும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர்.

போர் முடிந்ததும் அவரிடம் வந்தவர்களில் பலர் வேலைக்குப் போகிற பெண்கள். வயசு தெரிகிறது என்பதற்காக வேலை போனவர்கள், போய்விடுமோ என்று பயந்தவர்கள். அழகு அறுவையின் சமூகப் பங்கு பற்றி 1926-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பிலேயே அந்தச் ‘சமூகப் பங்கு’ இருக்கிறது. பெண்களின் வாக்குரிமைக்காகவும் போராடியவர் அவர். பிரான்சில் அந்த உரிமை 1944-ல்தான் கிடைத்தது. ஓட்டு இல்லை, வேலையும் முகத்தைப் பார்த்துத்தான் என்றால், அந்தப் பெண்ணிடம் போய் ‘வயசாவது இயற்கைதானே அம்மா’ என்று எப்படிச் சொல்வது?

நொயலின் முறை எளிது. உணர்வு மரத்துப்போக ஊசி போடுவார், காதோரமும் முடியோரமும் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தோலை எடுப்பார், தைப்பார். அறுவை முடிந்து அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். தையலை மறைக்கிற மாதிரி தலை வாரிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. விடுப்பு கேட்டு யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. அவரிடம் வந்த பெண்களுக்கு அதுதான் முக்கியம். ஆனால் தோலை மட்டும் இழுத்தால் பலன் அதிக நாள் நிற்காது. தோல் நெகிழும் துணி மாதிரி, சீக்கிரமே தளர்ந்துவிடும். திரும்பவும் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஒளிவுமறைவு ஒரு நாள் நீதிமன்றத்துக்கே போயிற்று. 1928-ல் பாரிஸில் ஒரு பெண் தன் கால்களை மெலிதாக்கிக்கொள்ள ஓர் அறுவை நிபுணரிடம் போனார். கால் அழுகி, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 1929-ல் நீதிமன்றம் மருத்துவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. ஆரோக்கியமான உறுப்பில் அழகுக்காக மட்டுமே ஆபத்தான அறுவை செய்ததே குற்றம் என்றது. மேல்முறையீட்டில் இழப்பீடு நிலைத்தது, காரணம் மட்டும் மாறியது. என்ன ஆபத்து வரலாம் என்பதை அந்தப் பெண்ணிடம் சரியாகச் சொல்லவில்லை என்பதே தவறு என்றார்கள். இந்த இரண்டாவது காரணம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. அறுத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை இருக்கலாம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் தருகிற சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

அடுத்த பெரிய மாற்றம் 1970-களில் வந்தது. ஸ்வீடனின் டோர்ட் ஸ்கூக், தோலை மட்டும் இழுக்காமல் அதன் கீழே இருக்கிற அடுக்கையும் சேர்த்துத் தூக்கினார். 1976-ல் பிரான்சின் மிட்ஸ், பெய்ரோனி இருவரும் அந்த அடுக்கின் அமைப்பை விளக்கி, ‘ஸ்மாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். முகத் தசைகளோடு இணைந்த நார்ப்போர்வை அது. 1990-ல் அமெரிக்காவின் சாம் ஹம்ரா இன்னும் ஆழமாகப் போகும் முறையை எழுதினார். இழுவையின் பாரத்தை ஆழத்து அடுக்கு தாங்குவதால் தோலுக்கு இழுவை குறைந்தது, பலனும் நீடித்தது. ஆனால் அந்த அடுக்குக்குக் கீழேதான் முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. மருத்துவர் முன்னைவிடக் கவனமாக இருக்க வேண்டும். நொயலிடம் வந்தவர்கள் போல மறுநாளே தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போகவும் முடியாது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் சிலர் வாயைத் திறந்தார்கள். நகைச்சுவை நடிகை ஃபிலிஸ் டில்லர் 1971-ல் செய்துகொண்டு, அதை மேடையிலேயே சொல்லிச் சிரிக்கவைத்தார். அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த பெட்டி ஃபோர்ட் 1978-ல் செய்துகொண்டதை வெளிப்படையாகச் சொன்னார். செய்துகொண்டேன் என்று சொல்வதில் இருந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது. ஆறிய கதையை மட்டும் அப்போதும் யாரும் அதிகம் பேசவில்லை.

சரி, அந்த வெள்ளைக் கோட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

முதல் நாள், தலையைச் சுற்றி இறுக்கமான கட்டு. சிலருக்கு ரத்தமும் நீரும் வடிய காதுக்குப் பின்னால் சின்னக் குழாய். பெரிய பயம் முதல் 24 மணி நேரத்தில்தான். தோலுக்கடியில் ரத்தம் தேங்குவதுதான் இந்த அறுவையில் அதிகம் நேரும் சிக்கல். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, வலி ஏறினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ஆண்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். ஆஸ்பிரின் மாதிரியான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது.

இரண்டாம், மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் தெரிவது இளமையான முகமாக இருக்காது, அடி வாங்கிய முகமாக இருக்கும். பலருக்கு இந்த நாட்களில் அழுகை வரும், ‘ஏன் செய்துகொண்டோம்’ என்று தோன்றும். தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். கன்றிய நிறம் மஞ்சளாகி மறைய இரண்டு வாரம் போல ஆகும். வெளியே போய் நாலு பேரைப் பார்க்க இரண்டு மூன்று வாரம், கனமான உடற்பயிற்சிக்கு அதற்கும் மேல்.

கன்னமும் காதும் மரத்துப்போயிருக்கும். காது மடலுக்கு உணர்வு தரும் நரம்பு காயப்பட்டால் அந்த மரப்பு மாதக்கணக்கில் நீளலாம், அபூர்வமாக நிலைத்தும்விடலாம். முகத்தை அசைக்கும் நரம்பு பாதிக்கப்படுவது அரிது. அப்படி ஆனாலும் பெரும்பாலும் தானாகச் சரியாகும், எப்போதும் அல்ல. புகை பிடிப்பவர்களுக்குக் காதுக்குப் பின்னால் தோல் ரத்த ஓட்டமின்றிக் கருகும் அபாயம் அதிகம். பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது அதனால்தான். தழும்பின் சிவப்பு அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது தாடையிலும் கழுத்திலும் ஒரு தெளிவு. மெல்லிய கோடுகளையும் வெயிலில் கருத்த தோலையும் இது மாற்றாது. வயசு அன்றிலிருந்து மறுபடி ஏறத் தொடங்கும்.

செய்துகொள்ளலாமா கூடாதா என்று நான் சொல்லப்போவதில்லை. முகத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கிய அந்த நடிகைக்கு அறிவுரை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. யாராவது மருத்துவரிடம் போவதாக இருந்தால் ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொல்வேன்: ‘ஆறாவது மாதப் படம் இருக்கட்டும் டாக்டர், நாலாவது நாள் படம் இருந்தால் காட்டுங்கள்.’