அழகி (திரைப்படப் பாடல்கள்)

2002 பொங்கலையொட்டி வெளியான, தங்கர் பச்சான் இயக்கிய ‘அழகி’ படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல்கள். இயக்குநரின் ‘கல்வெட்டு’ சிறுகதையிலிருந்து உருவான இப்படம், அவர் பிறந்த பண்ருட்டிப் பகுதியின் வாழ்வைக் காட்டுகிறது.

பள்ளிப் பருவத்தில் நேசித்த தனலட்சுமியை, மணமாகிக் குடும்பத்தோடு வாழும் சண்முகம் பல ஆண்டுகளுக்குப் பின் நகரத்து நடைபாதையில் காண்கிறான். கதை இவ்வளவுதான். எளிதில் அழுகைப் படமாகச் சரிந்திருக்கக்கூடிய இதைத் தாங்கி நிறுத்துவது பெரும்பாலும் இசையே.

கார்த்திக்கும் பவதாரிணியும் பாடிய ‘ஒளியிலே தெரிவது’ முதற்காதலின் வியப்பை மெல்லிய குரலில் சொல்கிறது. பவதாரிணியின் குழந்தைத்தனம் கலையாத குரலுக்கு இதைவிடப் பொருத்தமான பாடல்கள் அதிகமில்லை. ‘உன் குத்தமா’ பாடலை இளையராஜாவே பாடினார். இழப்புக்கு யாரையும் குற்றம் சாட்ட முடியாத தவிப்பு அதில் கேட்கிறது. பயிற்சியால் மெருகேறிய வேறொரு குரல் அந்தக் கரகரப்பைத் தந்திருக்குமா என்பது ஐயமே. ‘பாட்டுச் சொல்லி’ வேறு வகை: அடக்கிவைத்த துயரம் இசையாக வெளிப்படும் இடம். இதைப் பாடிய சாதனா சர்கம் 2001ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருதைப் பெற்றார்.

பார்த்திபன், நந்திதா தாஸ், தேவயானி முதன்மை வேடங்களில் நடித்தனர்.