நாளைய சோற்றின் உறுதி: காரைக்கால் கடைமடையிலிருந்து ஒரு வாதம்

விழிதியூர் உள்ளிட்ட காரைக்கால் வட்டாரம் காவிரியின் கடைமடை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல், காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சி நீரை உச்ச நீதிமன்றம் 2018-இலும் மாற்றவில்லை. அளவு தாளில் தெளிவாக இருக்கிறது. ஆனால் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும், தண்ணீர் தன் வாய்க்காலுக்கு எந்த வாரம் வரும் என்பது கடைமடை விவசாயிக்குத் தெரியாது. நாற்றங்கால் விடுவதா, நேரடியாக விதைப்பதா, நகையை இப்போதே அடகு வைப்பதா என்று அவர் மனம் அலைவது அந்த வாரங்களில்தான். அடிப்படைத் தேவைகளைப் பற்றிப் பேசும் புலமை மரபு பெரும்பாலும் அளவையே எண்ணுகிறது. எவ்வளவு கிடைக்கிறது என்பதற்கு நிகராக, தவறாமல் கிடைக்குமா என்பதும் ஒருவரின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்திறன் நிறைவு என்று ஒரு வரிசையை முன்வைத்தார். பாடநூல்கள் அதைக் கூம்பாக வரைகின்றன. அவர் கட்டுரையில் கூம்பு கிடையாது. ஒரு தேவை முழுதும் தீர்ந்த பிறகே அடுத்தது தலைகாட்டும் என்று தம்மைப் புரிந்துகொள்ளக் கூடாது என அவரே எச்சரித்தார். சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 விழுக்காடும் பாதுகாப்பு 70 விழுக்காடும் நிறைவேறியிருக்கலாம் என்று எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களையும் வைத்தார். இருந்தும் கூம்பு உருவமே நிலைத்துவிட்டது. அதன் தீங்கு சிறியதன்று. 'முதலில் சோறு, மற்றதெல்லாம் பிறகு' என்று சொல்லி ஏழைப் பிள்ளையின் படிப்பையும் பாட்டையும் தள்ளிப்போட அது ஒரு சாக்காகிறது.

உறுதியின்மை மனத்தை என்ன செய்கிறது என்பதற்கு வலுவான சான்று நம் மண்ணிலேயே உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் கலந்துகொண்டனர். அதே விவசாயி அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சோதிக்கப்பட்டார். முன்பு 78 விழுக்காட்டினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 விழுக்காட்டினர். வடிவப் புதிர்களிலும் கவனச் சோதனையிலும் அறுவடைக்கு முன் அவர்கள் செய்தது தெளிவாகவே குறைவு. ஆள் அவரே, அறிவும் அதுவே. மாறியது கையிருப்பும் அதைச் சுற்றிய கவலையும்தான். ஆலைகள் வெட்டும் நாளை மாதக்கணக்கில் பரப்பி ஒதுக்குவதால், பருவத்தின் விளைவையும் பணத்தின் விளைவையும் ஓரளவு பிரித்தறிய முடிந்தது. அந்த ஆய்வின் இன்னொரு பகுதியான அமெரிக்க வணிக வளாகச் சோதனையின் புள்ளியியலை மறுத்து எழுதியவர்கள் உண்டு. எனினும் ஏழையின் முடிவுகளில் தெரியும் தடுமாற்றத்தை அவர் குணத்தின் மேல் ஏற்றுவோருக்குக் கரும்பு வயல் தரும் பதில் போதுமானது. தண்ணீருக்குக் காத்திருக்கும் கடைமடை நெல் விவசாயிக்கும் இதைப் பொருத்திப் பார்ப்பது மிகையாகாது.

பள்ளிச் சோறு ஏன் வேலை செய்கிறது என்பதும் இதனால் விளங்கும். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-இல் காமராசர் காலத்தில் விரிந்தது, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாக நிலைத்தது. காரைக்காலுக்கு அண்டையிலுள்ள நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில், 25-8-2023 அன்று காலை உணவுத் திட்டம் தமிழகமெங்கும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. இவற்றின் சிறப்பு கலோரியில் மட்டும் இல்லை. மணி அடித்ததும் தட்டு வரும் என்று குழந்தைக்குத் தெரியும். அந்தத் தட்டு படிக்கும் இடத்திலேயே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையோடு சேர்த்து வரும். உணவும் கல்வியும் தோழமையும் இங்கே படிப்படியாக வரவில்லை, ஒரே பந்தியில் வந்தன. இதன் பயன் ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை: பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்திருப்பதை இந்தியத் தரவுகளைக் கொண்டு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' 2021-இல் காட்டியது.

ரேஷன் விவகாரத்தில் காரைக்கால் தானே ஒரு சோதனைக்களமானது. 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் உணவு தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. பின்னர் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி மீண்டும் திறக்கப்பட்டன. அரிசியா பணமா என்ற சண்டையில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பணம் வாங்குபவருக்கு விருப்பம்போல் வாங்கும் உரிமை கிடைக்கிறது. நல்ல அரிசியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கணக்கில் எப்போது ஏறியது, ஏறியதா என்றே தெரியாத ஒரு தொகையை நம்பி எந்தக் குடும்பத்தலைவியும் மாதச் செலவைத் திட்டமிட முடியாது. கடைவிலை ஏறினால் அதே தொகைக்கு வாங்கும் அரிசி குறையும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு 5 கிலோ என்கிறது. அந்த 5 கிலோவின் மதிப்பு, அது வரும் நாளைச் சொல்ல முடிவதில் இருக்கிறது. என் பார்வையில் இந்த விவாதம் தவறான இடத்தில் நடந்தது. பொருளா பணமா என்பதை மக்களே தேர்ந்தெடுக்கட்டும். நாள் தவறாமல் வருவதற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும்.

இவ்வூர்க்காரர் ஒருவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். ஊனையே உதறிப் பேயுரு வேண்டிய காரைக்கால் அம்மையார் பிறந்த மண்ணில், சோறு வளர்ச்சிக்கு அடித்தளம் என்று எப்படிச் சொல்வது? பொருளியலாளர் அமர்த்தியா சென் நோன்பிருப்பவரையும் பட்டினி கிடப்பவரையும் வேறுபடுத்திக் காட்டினார். இருவர் வயிறும் காலியே; உண்ணும் வாய்ப்பு ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதியாகச் செல்வத்தில் வளர்ந்த அம்மையாரின் துறவு, இருந்ததைத் துறந்த துறவு. அதை இல்லாதவரின் பட்டினிக்குச் சமாதானமாகச் சொல்வது அம்மையாருக்கும் பெருமை சேர்க்காது. சேக்கிழார் அவர் கதையை வளர்க்கும் முறையையும் பார்க்க வேண்டும். பசித்து வந்த அடியார் வாசலில் நிற்கிறார். சோறு வெந்துவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. கறி ஆகும்வரை அவரைக் காக்க வைக்காமல், கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றை எடுத்து இலையில் வைத்தார் அவர். ஆனிப் பௌர்ணமி தோறும் காரைக்காலில் மக்கள் வீசி இறைக்கும் மாம்பழங்கள் அந்த ஒரு பழத்தின் நினைவு.