தந்திவர்மனும் தந்தி ஆபீசும்

சில ராஜாக்களின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். அர்த்தம் தெரிந்தால் ஆச்சரியம் வரும். அப்படிச் சிலரைப் பார்ப்போம். பி.காம் படிப்பவனுக்கு சரித்திரத்தில் என்ன வேலை என்கிறீர்களா? பொறுங்கள், கடைசியில் கணக்குக்கே வந்து விடுகிறேன் :-)

முதலில் பல்லவ மன்னன் தந்திவர்மன். 9ஆம் நூற்றாண்டில் தந்தி ஆபீஸ் ஏது? சமஸ்கிருதத்தில் தந்தம் உடையது 'தந்தி', அதாவது யானை. நாம் 2013 வரை அனுப்பிக் கொண்டிருந்த தந்தி, கம்பியைக் குறிக்கும் 'தந்த்ரீ' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த மொழியில் இரண்டுக்கும் முதல் எழுத்தே வேறு. தமிழில் இருப்பதோ ஒரே 'த'. யானை கம்பியில் மாட்டிக் கொண்டது!

அடுத்து தலைமுடி கோஷ்டி. புலிகேசி என்றால் 2006க்குப் பிறகு நமக்கு வடிவேலு ஞாபகம்தான். ஆனால் அந்தச் சாளுக்கியப் பெயருக்கு, புலி போன்ற முடி உடையவன் என்று பொருள் சொல்கிறார்கள். பாண்டியர்களில் கோச்சடையன், அவர் பேரன் நெடுஞ்சடையன். இரண்டு பெயரிலும் சடை! அதே 9ஆம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சுப் பக்கம் ஆண்டவர் பெயரோ 'வழுக்கை சார்லஸ்'.

இங்கிலாந்தில் எதெல்ரெட் என்று ஒருவர், 1016ல் இறந்தார். பெயருக்கு 'உயர்ந்த ஆலோசனை' என்று அர்த்தம். அதைக் கிண்டல் செய்து வைத்த பட்டம் 'அன்ரெட்', அதாவது ஆலோசனை கெட்டவர். பழைய ஆங்கிலம் மறந்து போனதும் அது 'அன்ரெடி' ஆகிவிட்டது. இன்று அவர் எதற்கும் தயாராகாத ராஜா. செமஸ்டர் நேரத்தில் நாம் எல்லோரும் எதெல்ரெட்தான்!

இனி நம்ம ஊர்க் கணக்கு. 1070ல் சோழ நாட்டு அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனின் இயற்பெயர் ராஜேந்திரன். குலோத்துங்கன் என்றால் குலத்தில் உயர்ந்தவன், இது சமஸ்கிருதம். ஆனால் அவருக்கு நிலைத்த தமிழ்ப் பட்டம் 'சுங்கம் தவிர்த்த சோழன்'. இதற்கு அகராதியே வேண்டாம். லாரித் தொழிலை நம்பி வாழும் எங்கள் சங்ககிரியில் யாரைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வார்கள். வைகுந்தம் டோல்கேட்டில் கட்டும் காசு லாரி வாடகையில் ஏறி, கடைசியில் மளிகைக் கடை பில்லில் வந்து உட்காருகிறது.

மதுரை கொண்ட, கங்கை கொண்ட, கடாரம் கொண்ட என்று, கொண்டதையெல்லாம் பட்டமாக்கிய வம்சம் அது. அதில் ஒருவருக்கு மட்டும் வாங்காமல் விட்டதே பெயராக நின்றுவிட்டது. வரவில் எழுத முடியாத தொகைதான், ஆனாலும் 900 வருஷமாக அவர் கணக்கில் இருக்கிறது.