பெஹெத்கேயும் வாரிசில்லா அரியணையும்

கண்டி இராச்சியத்தின் கடைசி நூறு ஆண்டுகளைப் படிப்பவர் கண்ணிற் படாமற் போகாத விடயம் ஒன்று உண்டு. 1739இல் நரேந்திரசிங்கன் மறைந்தபோது பட்டத்து அரசியரின் வயிற்றுப் பிள்ளை ஒன்றும் அரியணைக்கு இருக்கவில்லை. மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். 1747இல் அவனும் பிள்ளையின்றி மறைந்தான். மீண்டும் அரசியின் சகோதரனுக்கே, அதாவது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கே, முடி போயிற்று. 1782இல் அவனுக்குப் பின் தம்பி ராஜாதி ராஜசிங்கன் வந்தான். 1798இல் அவனும் பிள்ளையின்றிப் போனதும், அதிகாரம் பிலிமத்தலாவையின் கையில் விழுந்தது. அவர் பதினெட்டு வயது இளைஞன் கண்ணுசாமியைத் தேடிப் பிடித்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆக்கினார். அறுபது ஆண்டுகளுக்குள் நான்கு தடவை, தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாத முடி. 1815இன் வீழ்ச்சிக்கு ஆங்கிலேயரின் சூழ்ச்சியைக் காரணம் சொல்வோர், இந்த வெற்றிடத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் காலம் முழுவதும் அந்த அரண்மனையின் மருந்துச்சாலையில் எம்மவர் இருந்தனர். சிங்களத்தில் அதற்கு 'பெஹெத்கே' என்று பெயர். நான்கு கோறளையின் கெட்டபேரியவைச் சேர்ந்த கோபால குடும்பத்து முஸ்லிம் வைத்தியர்கள் அங்கு உயர் பதவி வகித்ததைப் பேராசிரியர் லோர்ணா தேவராஜா தமது நூலில் விரிவாகவே எழுதியுள்ளார். 1760இல் கீர்த்தி ஸ்ரீயைக் கொன்று, சியாம் நாட்டு இளவரசன் ஒருவனை அரியணையில் ஏற்றச் சதி நடந்தபோது, அதை மன்னனுக்கு அறிவித்தவர் கோபால முதலியார் என்ற முஸ்லிமே. காணி மானியம் அவருக்கு வெகுமதியாகக் கிடைத்தது. மலைநாட்டு முஸ்லிம்கள் என்றால் மாடு கட்டிப் பொதி சுமந்த மடிகே பிரிவினர் மாத்திரந்தான் என்று நினைப்போருக்கு இதை அடிக்கடி சொல்ல வேண்டியுள்ளது.

மன்னனின் நாடியைப் பிடித்த கை, வாரிசு பற்றிய கவலையையும் அறிந்த கையாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் மன்னர்கள் மலடர்கள் என்று இன்றைக்கிருந்து தீர்ப்பெழுத நான் முன்வர மாட்டேன். நரேந்திரசிங்கனுக்கு உனம்புவே பண்டார என்றொரு மகன் இருந்தான். தாய் க்ஷத்திரிய குலத்தவள் அல்லள் என்பதால் ஒதுக்கப்பட்டான். கீர்த்தி ஸ்ரீக்கும் மம்பிட்டியே குடும்பத்துப் பெண்ணிடம் பிள்ளைகள் இருந்தனர். ஆகவே கண்டியின் 'பிள்ளையின்மை'யிற் பாதி உடலின் குறை, பாதி குலத்தின் சட்டம். ஒரே குடும்ப வட்டத்துக்குள் பெண் எடுத்ததையும் மறக்கலாகாது.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. மன்னனுக்குப் பிள்ளையில்லை என்றால் இன்னொரு அரசியை அழைத்து வந்தார்கள். குடியானவனுக்கும் அதுவே வழக்கம். 'மலடி' என்ற சொல் எமது வீடுகளில் எத்தனை பெண்களைச் சுட்டது! 'மலடன்' என்ற சொல் அகராதியில் உண்டு. அதை வாயாற் சொன்னவரைக் காண்பது அரிது. இத்தனைக்கும் எமது மரபு இந்த விடயத்திற் கண்ணை மூடிக்கொண்டதல்ல. அல்லாஹ் தான் நாடியவரை மலடாக்குகிறான் என்ற கருத்து வரும் சூறா அஷ்ஷூறாவின் வசனம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. இப்னு சீனாவின் 'அல் கானூன்' நூலின் மூன்றாம் பாகம் தலையிலிருந்து கால் வரை உறுப்புகளின் நோய்களைப் பேசுவது; பிள்ளையின்மைக்கான காரணத்தை அது ஆணிடத்திலும் தேடுகிறது. ஷாபிஈ பிக்ஹில், கணவன் தாம்பத்தியத்துக்கு இயலாதவன் என மனைவி முறையிட்டால், காதி அவனுக்கு ஒரு வருட அவகாசம் கொடுப்பார். நோய் சூட்டினாலோ குளிரினாலோ, ஈரத்தினாலோ வறட்சியினாலோ வந்ததாயின், நான்கு பருவங்களும் கடப்பதற்குள் ஏதோ ஒன்றிற் குணமாகும் என்பது சட்ட அறிஞர் கூறும் நியாயம். (கண்டியில் நான்கு பருவம் ஏது? இரண்டு பருவக்காற்றுந்தான்.) யூனானி வைத்தியத்தின் நான்கு தன்மைகள் சட்டத்துக்குள் புகுந்த இடம் இது. ஆனால் அங்கே பேசப்படுவது இயலாமை, பிள்ளையில்லாமை அன்று. இரண்டையும் ஒன்றெனக் குழப்பியதால் வந்த அவமானத்தை இன்றும் ஆண்கள் சுமக்கிறார்கள். அதற்கு அஞ்சியே வாயைத் திறவாமல் இருக்கிறார்கள்.

வாய் திறவாத நோய்களில் ஒன்று, அடிவயிற்றுக்குக் கீழே மாதக்கணக்கில் நீடிக்கும் வலி. சிறுநீர்ப்பையின் கழுத்தடியில் வாதுமைக்கொட்டை அளவில் ஒரு சுரப்பி உண்டு. எமது பாடநூல்கள் அதை 'முன்னிற்குஞ் சுரப்பி' என்கின்றன. கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. இப்னு சீனாவுக்குப் பின் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1536இல், வெனிஸ் நகரத்து நிக்கொலோ மாசா அதை விவரித்தார். விந்துத் திரவத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதிலிருந்து வருவது. உறைந்த விந்தை இளக்கும் நொதியமும், துத்தநாகமும், சித்திரிக் அமிலமும் இது தருபவை. 1677இல் லீவன்ஹூக் உருப்பெருக்கியின் கீழ் விந்தணு நீந்துவதைக் கண்டார். எனினும் பிள்ளையில்லாத வீட்டில் ஆணையும் சோதிக்க வேண்டும் என்ற வழக்கம் வருவதற்கு இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் விந்துப் பரிசோதனைக் கையேட்டை 1980இலேயே முதலில் வெளியிட்டது. 2021இன் ஆறாம் பதிப்பு, குழந்தை பெற்ற ஆண்களிடம் கண்ட அளவுகளை வைத்து, ஒரு தடவையில் 39 மில்லியன் விந்தணுக்களைக் கீழெல்லையாகக் காட்டுகிறது. அந்த எண்ணுக்குக் கீழே வருபவனுக்குப் பிள்ளை பிறக்காது என்பது அதன் அர்த்தமன்று.

அந்த வலிக்கு வருவோம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தின் வகைப்பாடு 1995இல் உருவாகி 1999இல் அச்சேறியது. அது இச்சுரப்பியின் அழற்சியை நான்காகப் பிரித்தது. நோயாளிகளிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம் வகையினர்: நீண்டகால இடுப்பறை வலியுடையோர். அவர்களிடம் கிருமி அகப்படுவதில்லை. விதைப்பைக்கும் குதத்துக்கும் இடையிலும், அடிவயிற்றிலும், சிறுநீர் கழிக்கும்போதும், விந்து வெளிப்படும்போதும் வலி. கிருமியே இல்லாதபோது மாறி மாறி அண்டிபயோட்டிக் விழுங்குவதாற் பயன் குறைவு. இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், மனப் பதற்றத்துக்கான கவனிப்பும் பலருக்கு ஆறுதல் தந்துள்ளன.

இது பிள்ளைப்பேற்றைக் கெடுக்குமா? ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் இந்நோயாளிகளின் விந்தணுக்களின் அசைவிலும் வடிவத்திலும் சராசரியாகச் சற்றுக் குறைவைக் கண்டிருக்கிறார்கள். வெண்குழியங்கள் கக்கும் ஒட்சிசன் விளைபொருள்கள் ஒரு காரணமாகலாம். ஆனாற் குறைவு வேறு, மலட்டுத்தன்மை வேறு. இவ்வலியோடு தந்தையானோர் ஏராளம். வலியில்லாத பலருக்கு விந்தணுவே இல்லாதிருப்பதும் உண்டு. இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். வலிக்குப் பயந்து மனைவியிடமிருந்து விலகிப் படுப்பவனுக்கு விந்து நன்றாயிருந்தும் பிள்ளை வராது. சிறுநீர்த் தடைக்குக் கொடுக்கும் தம்சுலோசின் போன்ற குளிசைகள் விந்து வெளிப்படுவதையே மாற்றக்கூடும். ஆதலாற் பிள்ளை வேண்டி நிற்பவர் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சித்திலெப்பை 1882இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' நடத்தியபோது, கல்வியையும் பெண் கல்வியையும் துணிந்து எழுதினார். அந்தத் துணிவு எம் பத்திரிகை மரபில் ஆண்களின் உடலைப் பேசும் அளவுக்கு நீளவில்லை. 1961இன் ஆயுர்வேதச் சட்டம் யூனானிக்கும் இடம் கொடுத்தது. அந்த மரபின் வைத்தியர்கள் இந்நாட்டில் இன்றும் நோயாளரைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் போனாலும், கண்டி வைத்தியசாலைக்குப் போனாலும், 'சிறுநீரில் எரிவு' என்பதோடு எம் ஆண்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். மற்றக் கேள்வியைக் கேட்பது மனைவியிடந்தான். அதுவும் குற்றமாக.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816இற் கடல் கடத்தப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டான். அங்கேதான் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. 1832இல் அவன் இறந்தபோது கண்டியில் ஆங்கிலேய அரசு பதினேழு ஆண்டுகளை நெருங்கியிருந்தது.