சிரல்: மீன்கொத்தியும் மதிற்பொறியும்

சிரல் என்றால் மீன்கொத்தி. சிச்சிலி என்றும் பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் நீர்நிலைக்கு மேலிருந்து பாய்ந்து மீன் பிடிக்கும் பறவை. ஆனா சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதைக்குப் போனால், அங்கே ஒரு சிரல் மதுரைக் கோட்டை மதில்மேல் இருக்கிறது. அது பறவை இல்லை, போர்ப்பொறி.

மதுரையின் அரண்களை இளங்கோ அங்கே வரிசையாகச் சொல்கிறார். காவற்காடு, அகழி, தானே வளைந்து அம்பு எய்யும் வில், கல் வீசும் கவண், கொதிக்கும் எண்ணெய் என்று நீளும் பட்டியல் அது. நடுநடுவே உயிரினங்களும் வருகின்றன: ஊகம், ஆண்டலை, சிரல், பன்றி. ஊகம் என்பது குரங்கு. ஆண்டலை, ஆண்மகன் தலைபோன்ற தலை கொண்டதாகச் சொல்லப்படும் பறவை. ஆக, பட்டியலில் இரண்டு பறவைகள்.

இவை என்ன செய்தன? உ.வே.சா. 1892-இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபோது அதனுடன் சேர்த்து வெளியிட்ட அடியார்க்குநல்லார் உரையில் விளக்கம் இருக்கிறது. ஊகம், நெருங்கியவரைக் கடிக்கும் குரங்குப் பொறி. பன்றி, மதிலில் ஏறுபவரைக் கொம்பால் கிழிக்கும் இரும்புப் பொறி. ஆண்டலை பறந்துபோய் உச்சந்தலையைக் கொத்தும். சிரல் பகைவர்மேல் சென்று கண்ணைக் கொத்தும்.

கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. குரங்கு கடிக்கிறது, பன்றி கிழிக்கிறது, பறவை கொத்துகிறது. எந்த விலங்கின் பெயரோ அந்த விலங்கின் வேலை. உரையாசிரியர் காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். பொறியைப் பார்த்து எழுதியதைவிட, பெயரைப் பார்த்து எழுதியது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

பெயர் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு, விவரமும் சேர்ந்து மிஞ்சிய ஒரு பொறியை எடுத்துக்கொள்வோம். கி.மு. 260-இல் மைலே கடற்போரில் ரோமானியர்கள் கார்த்தேஜ் கப்பல்களை வென்றார்கள். அதற்கு உதவிய கருவியின் பெயர் ‘காக்கை’. பொலிபியஸ் அதை அளவோடு எழுதி வைத்திருக்கிறார்: 36 அடி நீளம், 4 அடி அகலமுள்ள ஒரு பலகைப் பாலம். நுனியின் அடிப்பக்கம் கூரான இரும்பு. கப்பலின் முன்புறக் கம்பத்தில் கயிறும் கப்பியும் போட்டு அதைத் தூக்கி நிறுத்துவார்கள். எதிரிக் கப்பல் அருகே வந்ததும் கீழே விடுவார்கள். இரும்பு மேல்தளத்தில் குத்தி இறங்கும். படைவீரர்கள் அதன்மேல் நடந்து போவார்கள்.

அவ்வளவுதான். சிறகு கிடையாது, பறக்கவும் இல்லை. காக்கையிடமிருந்து அது எடுத்துக்கொண்டது அலகை மட்டும். பொலிபியஸின் விவரம் அழிந்து பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால், நாமும் என்ன எழுதியிருப்போம்? ‘எதிரிக் கப்பலின்மேல் பறந்துபோய்க் கண்ணைக் கொத்தும் காக்கைப் பொறி’ என்றுதானே!

இன்று கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் நிற்கும் கிரேனும் இதே வகைதான். ஆங்கிலத்தில் அது ஒரு பெருங்கொக்கின் பெயர். கிரேக்கத்திலும் போலிஷிலும்கூடப் பறவைக்கும் பாரந்தூக்கிக்கும் ஒரே சொல். அங்கே கடன் வாங்கியது நீண்ட கழுத்தை. பறவையின் பெயர் எந்திரத்துக்குப் போகும்போது முழுப் பறவையும் கூடப் போவதில்லை. ஏதோ ஓர் உறுப்போ ஓர் அசைவோதான் போகிறது.

அப்படியானால் சிரலிடமிருந்து எடுத்தது எது? மீன்கொத்தி உயரத்தில் அசையாமல் காத்திருக்கும். தலைகீழாகப் பாயும். குத்திவிட்டு மறுபடி தன் இடத்துக்கே திரும்பும். இளங்கோவும் இந்தச் சிரலுக்குச் ‘சென்றெறி’ என்றே அடைமொழி தருகிறார். அம்பும் கல்லும் போனால் போனதுதான். சிரல் போய்க் குத்தித் திரும்பி வருவது. மதில்மேலிருந்து ஏறுபவர்மீது விழுந்து, கயிற்றால் மறுபடி மேலே இழுக்கப்படும் கனமான கூர்முனை ஒன்றாக இது இருந்திருக்கலாம் என்பது என் ஊகம் (குரங்கு இல்லை, யூகம்!). இதற்குப் பறக்கும் எந்திரமெல்லாம் தேவையில்லை. ஒரு நல்ல கொல்லரும் வலுவான கயிறும் போதும்.

பழந்தமிழர் ரோபோ செய்தார்கள் என்று குதிக்கவும் வேண்டாம், எல்லாம் புலவர் கற்பனை என்று தள்ளவும் வேண்டாம். பறவையைக் கூர்ந்து பார்த்த ஒருவர் பொறிக்குப் பெயர் வைத்திருக்கிறார். நாமும் பறவையைப் பார்த்தால் பொறி கொஞ்சம் புரியும்.

இன்னொன்று. இந்தப் பட்டியல் போர்க்களக் காட்சியில் வரவில்லை. மாதரி கண்ணகியை அடைக்கலமாகத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகும் வழியில் வருகிறது. சிரலும் பன்றியும் வெளியிலிருந்து வரும் பகைவருக்காகக் காத்திருந்தன. மதுரையை எரிக்கப்போகிறவள் அந்த மதிலைக் கடந்து அமைதியாக நடந்து போனாள்.