மௌனம் காக்கும் கிருமி

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மழை இரவில் கத்துகிற தவளை, பாம்புக்குத் தானே வழி சொல்லிவிடுகிறது. கத்தாமலிருக்கக் கற்றுக்கொண்ட தவளை ஒன்று இருந்தால்? அப்படி ஒரு கிருமி உண்டு.

1970-களில் ஜப்பானில், கியோட்டோ நகரத்து மருத்துவர் கியோஷி தகாட்சுகி ஒருவகை ரத்தப் புற்றுநோயைக் கவனித்து வந்தார். நோயாளிகளில் பெரும்பாலோர் தெற்கே கியூஷூ தீவுப் பக்கம் பிறந்தவர்கள். 'எந்த ஊர்?' என்று கேட்பது வெறும் உபசாரப் பேச்சு என்று நாம் நினைக்கிறோம். இங்கே அதுவே துப்பாக அமைந்தது. இது தனி வியாதி என்று 1977-இல் அவரும் நண்பர்களும் எழுதினார்கள். 1980-இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வுக்கூடம், மனிதனைப் பற்றும் முதல் ரெட்ரோ வைரஸைக் கண்டதாக அறிவித்தது. மறு வருஷமே யோரியோ ஹினுமா, கியூஷூ வியாதிக்கும் ஒரு ரெட்ரோ வைரஸே காரணம் என்று காட்டினார். இரண்டும் ஒன்றே என்பது பிறகு தெளிவாயிற்று. எச்.டி.எல்.வி.-1 என்பது அதன் பெயர்.

இந்தக் கிருமி நம் செல்லின் மரபு ஏட்டிலேயே தன் பக்கத்தைச் செருகிவிடுகிறது. செல் இரண்டாகும்போது அதுவும் இரண்டாகிறது. 'டாக்ஸ்' என்ற புரதத்தை அது உண்டாக்கும். (வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) செல்லைப் பெருகத் தூண்டுவது அதுதான், ஆனால் உடம்பின் காவற்காரர்கள் அடையாளம் கண்டு பாய்வதும் அதன்மேல்தான். ஆகவே கிருமி தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறது. அதற்கு இரண்டு கைகள். 'பி-30' என்ற புரதம், டாக்ஸுக்கான செய்தியைச் செல்லின் உட்கருவை விட்டு வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. 'எச்.பி.இசட்.' என்பது அதே ஏட்டை எதிர்த்திசையில் வாசிப்பதால் பிறப்பது. 2002-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டது. அது டாக்ஸ் உற்பத்தியையே அடக்குகிறது.

இப்படியே ஐம்பது, அறுபது வருஷங்கள் போகும். கிருமியைச் சுமப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குத்தான் புற்றுநோய் வருகிறது. மற்றவர்கள் பெரும்பாலும் ஒன்றும் அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

ஆனால், கிருமி குழந்தைக்குப் போகும் முக்கிய வழி தாய்ப்பால்! நெடுநாள் பால் குடித்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு அது தொற்றியது. 1987-இல் நாகசாகி மாகாணத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்து, கிருமி உள்ளவர்களைத் தாய்ப்பால் தவிர்க்கச் சொன்னார்கள். தொற்று நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கியது.

கணக்கு எளிது, அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். மார்பில் பால் கட்டிக்கொள்கிறது, குழந்தை அழுகிறது. அக்கம்பக்கத்தார் ஏன் என்று கேட்பார்கள். வருமோ வராதோ, வந்தாலும் அறுபது வருஷம் கழித்து வரப்போகிற வியாதிக்காக அவள் இன்று மனத்தைக் கல்லாக்கிக்கொள்கிறாள். குழந்தை தப்பியதா என்று முழுதும் அறிய அவள் இருக்கமாட்டாள்.

ஒளிந்திருக்கும் அந்தக் கிருமியை உடம்பை விட்டு அடியோடு துரத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. அதன் பரம்பரையை வழிமறித்தவர்கள் அந்தத் தாய்மார்களே.