பின்னலாடை மெர்ச்சண்டைசர்

மெர்ச்சண்டைசர் என்பவர், ஆடை ஏற்றுமதி நிறுவனங்களில் ஓர் ஆர்டரை அது கிடைத்த நாள் முதல் சரக்கு கப்பலேறும் நாள் வரை கவனித்து நிறைவேற்றும் அலுவலர் ஆவார். மென்பொருள், நுகர்பொருள் போன்ற துறைகளில் புராடக்ட் மேனேஜர் எனப்படும் பண்ட மேலாளரின் பணிக்கு நெருக்கமானது இப்பணி. இருவருக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. பண்டத்துக்கான பொறுப்பு முழுவதும் இவர்களைச் சார்ந்தது. ஆனால் அப்பண்டத்தை உருவாக்கும் பிரிவுகள் எவையும் இவர்களின் நேரடி அதிகாரத்தின் கீழ் இருப்பதில்லை. புதிதாக இப்பணியில் சேருபவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே.

பின்னணி

ஒரு பண்டத்துக்குத் தனியொருவரைப் பொறுப்பாக்கும் முறை, ஐக்கிய அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்திலிருந்து பரவியதாகக் கருதப்படுகின்றது. அங்கு கேமே சவர்க்காரத்தின் விளம்பரப் பணியிலிருந்த நீல் மெக்கெல்ராய், 1931 மே 13 அன்று எழுதிய குறிப்பில் இம்முறையை முன்மொழிந்தார். இவர் பின்னாளில் அந்நாட்டின் பாதுகாப்புச் செயலாளராகவும் (1957–1959) இருந்தார்.

திருப்பூரில் இத்தேவை ஏற்றுமதியோடு வளர்ந்தது. உள்நாட்டுக்குப் பனியன் தயாரித்து வந்த இந்நகரம், 1970களில் வெளிநாட்டு வாங்குநர்களுக்கு ஆடை அனுப்பத் தொடங்கியது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990 இல் தொடங்கப்பட்டது. உலக ஆடை வணிகத்தில் நிலவிய கோட்டா முறை 2005 சனவரி 1 அன்று முடிவுக்கு வந்தபின், விலையும் குறித்த காலத்தில் சரக்கைக் கொடுப்பதும் போட்டியின் மையமாயின.

தொழிற்களம்

திருப்பூர் மாவட்டம் 2009 இல் உருவாக்கப்பட்டது. இதன் தென்பகுதியில் அமராவதி ஆற்றுப் பாசனத்தில் நெல், கரும்பு, தென்னை விளையும் மடத்துக்குளம் அமைந்துள்ளது. உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பகுதிகளில் நூற்பாலைகளும் உள்ளன. பின்னல், சாயமிடல், அச்சிடல், தையல் ஆகியவை பெரும்பாலும் திருப்பூர் நகரிலும் அதைச் சுற்றியும் நடைபெறுகின்றன. பல நிறுவனங்கள் இவற்றுள் சிலவற்றை "ஜாப் ஒர்க்" முறையில் வெளியே கொடுத்து வாங்குகின்றன. எனவே ஒரு டி-சட்டை பல முதலாளிகளின் கூடங்களைக் கடந்தே முழுமையடைகின்றது. அக்கூடங்கள் அனைத்தையும் இணைப்பவர் மெர்ச்சண்டைசர் ஆவார்.

பணிகள்

வாங்குநர் அனுப்பும் அளவு, துணி, நிறம் பற்றிய விவரங்களைப் படித்து விலை கணக்கிடுவது முதற்பணி. பின்னர் சாயச்சாலையில் சிறு துண்டுத் துணியில் நிறம் ஏற்றி "லேப் டிப்" ஒப்புதல் பெற வேண்டும். அடுத்து மாதிரி ஆடைகள் தைத்து அனுப்பப்படுகின்றன. உற்பத்திக்கு முந்தைய மாதிரிக்கு ஒப்புதல் கிடைத்த பின்னரே துணி வெட்டுவது வழக்கம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் குறித்த கால அட்டவணையை மெர்ச்சண்டைசர் பேணுகின்றார். லேபிள், பொத்தான், பாலித்தீன் பை, அட்டைப்பெட்டி ஆகியவை உரிய நாளில் வந்து சேர்வதும் இவரது பொறுப்பே.

துணிக் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

பின்னல் துணி எடையில் வாங்கப்படுகின்றது. ஆடையோ பரப்பில் வெட்டப்படுகின்றது. ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை "ஜிஎஸ்எம்" எனப்படும். ஓர் ஆடைக்கு 1 சதுர மீட்டர் தேவை எனவும், துணி 160 ஜிஎஸ்எம் எனவும் கொண்டால், 10,000 ஆடைகளுக்கு 1,600 கிலோ துணி வேண்டும். இங்கு வெட்டுச் சேதாரம் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதே 1,600 கிலோ துணி, சாயமேற்றி முடித்தபின் 170 ஜிஎஸ்எம் ஆக வந்தால், அதில் 9,411 ஆடைகளே கிடைக்கும். எடைச் சீட்டில் ஒரு கிலோவும் குறையாது. ஆனால் 589 ஆடைகள் குறையும். வெட்டுமேசையில் இது தெரியவரும்போது மீண்டும் நூல் வாங்கிப் பின்னிச் சாயமிட நாட்கள் போதாமல் போகலாம். புதிதாகச் சாயமிட்ட துணியின் நிறம் முந்தைய லாட்டுடன் பொருந்தாமலும் போகலாம்.

புதிதாகச் சேருபவர்

திருப்பூரில் 1997 இல் தொடங்கப்பட்ட நிப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி, இத்துறைக்கான படிப்புகளை அளிக்கின்றது. பொதுவான பட்டப்படிப்பு முடித்தவர்களும் உதவி மெர்ச்சண்டைசராகச் சேருவதுண்டு. தொடக்கத்தில் மாதிரிகளையும் துணைப்பொருட்களையும் பின்தொடரும் வேலை தரப்படும். இது எடுபிடி வேலை போலத் தோன்றினும், எந்தக் கூடத்தில் எந்த வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆகும் என்பதை இதன் வழியாகவே அறிய முடிகின்றது. "துணி ரெடி" என்று தொலைபேசியில் வரும் பதில், துணி சாயத்தொட்டியிலிருந்து வெளிவந்ததை மட்டும் குறிக்கலாம்; உலர்த்தலும் காம்பாக்டிங்கும் மீதமிருக்கலாம். ஆகையால் நேரில் சென்று பார்ப்பது இப்பணியின் பகுதியாகவே கொள்ளப்படுகின்றது.

அதிகாரம் இல்லாத இடத்தில் மெர்ச்சண்டைசருக்குத் துணைநிற்பவை சரியான கணக்கு, எழுத்தில் உள்ள ஒப்புதல், கூடத்தாருடன் உள்ள நல்லுறவு ஆகியவையாகும்.

தாமதமும் விளைவும்

முடிந்த சரக்கில் மாதிரி எடுத்துச் சோதிக்கப்படுகின்றது. பரவலாகப் பயன்படும் 2.5 ஏக்யூஎல் அளவின் பொதுநிலை இரண்டில், 3,201 முதல் 10,000 வரையான ஆடைகள் கொண்ட தொகுதிக்கு 200 ஆடைகள் எடுக்கப்படும். குறையுள்ளவை 10 வரை இருந்தால் ஏற்கப்படும், 11 ஆனால் நிராகரிக்கப்படும். நிராகரிக்கப்பட்ட சரக்கை மறுபடி பிரித்துச் சரிசெய்ய நேரும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால், விலைத் தள்ளுபடி அல்லது விமானத்தில் அனுப்புதல் ஆகியவற்றுள் ஒன்றை ஏற்க வேண்டியிருக்கும். விமானக் கட்டணம் ஆர்டரின் இலாபத்தை முழுவதுமாக விழுங்கக்கூடும்.

எல்லாத் தாமதமும் மெர்ச்சண்டைசரின் கையில் இல்லை. நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் சாயச்சாலைகளை மூட ஆணையிட்டபோது, துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமிட நேர்ந்தது. 2025 ஆகத்து 27 முதல் ஐக்கிய அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, முன்னரே விலை பேசிய ஆர்டர்களின் கணக்குகள் குலைந்தன.

தொடக்கக் கட்டங்களில் இழந்த நாட்கள் இறுதியில் தையல் கூடத்தின் மீது விழுகின்றன. மிகைநேரப் பணிக்குச் சட்டப்படி இரு மடங்கு ஊதியம் தரப்பட வேண்டும். லேப் டிப் ஒப்புதலில் இழந்த ஒரு வாரம், தையலரின் இரவு வேலையாக மாறலாம். ஆகவே மெர்ச்சண்டைசரின் கால அட்டவணை வாங்குநருக்கு மட்டுமன்றி, அவர் நேரில் அறியாத பல தொழிலாளருக்கும் உரியதாகின்றது.